விமான ஆர்வலர்கள் மாநாட்டில் முக்கால் மணி நேர உரை: எதிலிருந்து தொடங்குவது?

விமான ஆர்வலர்கள் கூடும் மாநாட்டில் முதன்முறையாக முக்கால் மணி நேரம் பேசப் போகிறீர்கள். அரங்கில் இருப்பவர்கள் கடைசி வரை ஈடுபாட்டோடு கேட்கும்படி உரையை எவ்வாறு தயாரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய கூட்டங்களில் சில முறை பேசியும், அதைவிடப் பல மடங்கு உட்கார்ந்து கேட்டும் வந்தவன் என்ற முறையில், என் அனுபவத்தில் உறுதிப்பட்டவற்றை எழுதுகிறேன்.

இந்த மாநாடுகளுக்கு வருகிறவர்கள் ஒரு விமானத்தின் நீளம், வேகம், முதன்முதலில் பறந்த நாள் ஆகியவற்றை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். ஓய்வு பெற்ற விமானியும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்கும், சொந்தமாக ஒரு சிறு விமானத்தைக் கட்டிக்கொண்டிருப்பவரும், பள்ளிச் சிறுவனும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் முன் விவரப் பட்டியலை வாசித்தால் பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டத் தொடங்குவார்கள். ஒரு முடிச்சைக் கையில் கொடுத்து அவிழ்க்கச் சொன்னாலோ, அத்தனை பேரும் முன்னால் சாய்ந்து உட்காருவார்கள். ஆகவே ஒரு விமானத்தைத் தலைப்பாக எடுப்பதைவிட, ஒரு கேள்வியைத் தலைப்பாக எடுங்கள்.

எடுத்துக்காட்டாக, 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோன போயிங் 767 விமானத்தைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். ஆர்வலர்கள் அனைவருக்கும் தெரிந்த கதைதான். வழக்கமான உரை, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் எச்சரிக்கை ஒலித்ததில் தொடங்கி, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஓடுபாதையில் இறங்கியதில் முடியும். நான் கேட்ட ஒரு பேச்சாளர் அவ்வாறு செய்யவில்லை. எல்லாருக்கும் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, திரையில் மூன்றே எண்களைக் காட்டினார்: பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம், தொட்டிகளில் மீதம் இருப்பது 7,682 லிட்டர், லிட்டரை எடையாக மாற்றப் பெருக்க வேண்டிய எண் 1.77. இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் கணக்கிடச் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவரும் நானும் ஒரே விடைக்கு வந்தோம்: ஏறக்குறைய 4,900 லிட்டர். அரங்கமே அதைத்தான் சொன்னது. அதன் பிறகே அவர், 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை பவுண்டில் என்றும், கிலோகிராமில் அது சுமார் 0.8 மட்டுமே என்றும் சொன்னார். நிரப்பியிருக்க வேண்டியது ஏறத்தாழ 20,000 லிட்டர். விமானம் தேவையான எரிபொருளில் பாதிகூட இல்லாமல் கிளம்பியிருந்தது. அந்த இடத்தில் அரங்கில் எழுந்த அமைதியை நான் மறக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தவற்றை நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் கையாலேயே அப்போது செய்திருந்தோம். அதற்குப் பிறகு, எரிபொருள் அளவைக் காட்டும் கருவி அன்று ஏன் வேலை செய்யவில்லை, அலகு மாற்றத்தை யார் சரிபார்த்திருக்க வேண்டும், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தை ஓட்டிப் பழகிய விமானி அந்தப் பெரிய விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து எப்படி உயரத்தைக் குறைத்தார், விமானத்தில் இருந்த 69 பேரும் எப்படிப் பிழைத்தார்கள் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றும் எங்களுக்குச் சொந்த விஷயமாகிவிட்டது.

கேள்வியைத் தேர்ந்தெடுத்த பிறகு, உங்களுக்குத் தெரிந்ததாக நீங்கள் நம்புகிற ஒவ்வொன்றையும் மறுபடி சோதியுங்கள். இந்தத் துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் பிழைகள் ஏராளம். பிரிட்டனின் தொடக்க கால பயணிகள் ஜெட்டான காமெட் விமானங்கள் சதுரச் சன்னல்களால் உடைந்தன என்பது அவற்றுள் ஒன்று. 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே கடலில் விழுந்த காமெட்டின் மீட்கப்பட்ட பாகத்தில், முறிவு தொடங்கிய இடம் பயணிகளின் சன்னல் அன்று. திசை காட்டும் வானொலிக் கருவியின் ஆன்டெனாவுக்காகக் கூரையில் வெட்டப்பட்டிருந்த திறப்பின் மூலை. அதேபோல், இறக்கையின் மேலே செல்லும் காற்றும் கீழே செல்லும் காற்றும் பின்விளிம்பை ஒரே நேரத்தில் அடைய வேண்டும் என்பதால்தான் மேற்காற்று வேகமாகிறது என்ற விளக்கத்தை இன்றும் மேடைகளில் கேட்கிறேன். அப்படி எந்தக் கட்டாயமும் காற்றுக்கு இல்லை. உண்மையில் மேற்காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இத்தகைய ஒரு பிழை வாயிலிருந்து வந்துவிட்டால், அரங்கில் விவரம் அறிந்தவர்கள் அதன்பின் நீங்கள் சொல்லும் சரியானவற்றையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

எண்களைத் திரையில் எழுதுவதைவிட, கண்ணால் அளக்கும்படி செய்வது நல்லது. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் முதற் பறப்பு 12 விநாடிகளில் 120 அடி தூரம் சென்றது என்று சொன்னால் தலையசைப்பார்கள். 120 அடிக் கயிறு ஒன்றை மேடையிலிருந்து அரங்கின் பின்சுவர் நோக்கி இருவரைப் பிடித்துச் செல்லச் சொல்லி, அவர்கள் நடக்கும்போது 12 விநாடிகளை உரக்க எண்ணிப் பாருங்கள். பிறகு தொடக்க கால போயிங் 747 விமானத்தின் இறக்கை அகலம் மட்டும் 195 அடிக்கு மேல் என்று சொல்லுங்கள்.

ஸ்லைடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு படத்தில் ஒரு செய்தி போதும். விமானி அறையின் முழுப் படத்தைப் போட்டு அதில் ஒரு முள்ளைத் தேடச் சொல்லாமல், அந்த முள்ளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுங்கள். கூடாரத்திலோ விமானக் கொட்டகையிலோ பகல் வெளிச்சத்தில் பேச நேர்ந்தால், கருப்புப் பின்னணி வெளிறிவிடும். வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தே கண்ணுக்குத் தெரியும். வெளியே சாகசப் பறப்பு நடக்கும் நேரத்தில் உங்கள் உரை இருக்கிறதா என்று அமைப்பாளர்களிடம் முன்பே கேட்டு வையுங்கள்; தலைக்கு மேலே விமானம் உறுமும்போது யாராலும் பேச முடியாது.

விபத்தைப் பற்றிப் பேசுவதானால் ஒரு வேண்டுகோள். இறந்தவர்களின் கடைசிக் குரலை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டாதீர்கள். அவர்களோடு வேலை பார்த்தவர் ஒருவர் உங்கள் எதிரே அமர்ந்திருக்கலாம். உரையாடலின் எழுத்து வடிவத்தில் தேவையான வரியை மட்டும் நிதானமாகப் படித்தாலே போதும்.

நாற்பத்தைந்து நிமிடத்தில் முப்பதை மட்டும் உங்களுக்கு வைத்துக்கொண்டு, மீதியை அரங்கத்துக்கு விடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை உரையின் பாதியாகவே நான் கருதுகிறேன். ஒருமுறை இரண்டாம் உலகப் போர்க்கால வைல்ட்கேட் போர்விமானத்தில் சக்கரங்களைக் கைப்பிடியால் சுமார் 30 சுற்றுச் சுற்றி உள்ளே இழுக்க வேண்டும் என்று நான் சொல்லி முடித்தபோது, அருங்காட்சியகத்தில் அவ்விமானத்தைச் செப்பனிட்ட பெரியவர் ஒருவர் எழுந்தார். கைப்பிடி வலப்பக்கம் இருப்பதால் விமானத்தைச் செலுத்தும் கோலை விமானி இடக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, வலக்கையால் காற்றில் சுற்றிக் காட்டினார். சுற்றச் சுற்ற அவர் தோள் ஆடியது, தோளோடு இடக்கையும் ஆடியது. “இப்படித்தான் கிளம்பியவுடன் விமானம் மேலும் கீழும் அலைந்துகொண்டே ஏறும்” என்றார். சிறிது நேரத்தில் அரங்கமே கையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தகையவர்களுக்காக இரண்டாவது மைக் ஒன்றைக் கேட்டு வாங்கி, முன்வரிசையில் தயாராக வைத்திருங்கள்.