மேனுவலா, செமி-ஆட்டோமேட்டிக்கா? மூன்று சக்கர மோட்டார்சைக்கிளுக்கு ஒரு பணக் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு ஆண்டுகளில் பணி ஓய்வு. இளவயது முதல் மோட்டார்சைக்கிள் ஓட்டி வருகிறேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு சக்கர வண்டியை நிறுத்தித் தாங்குவது சிரமமாகிவிட்டதால் மூன்று சக்கர மோட்டார்சைக்கிள் வாங்க முடிவு செய்திருக்கிறேன். பழைய வண்டிகளில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் கேன்-ஆம் ஸ்பைடர் எஃப்3, 2017-ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஏறக்குறைய ஒரே தூரம் ஓடியவை. ஒன்று மேனுவல் கியர், மற்றது செமி-ஆட்டோமேட்டிக். மேனுவலின் விலையை 100 என்று வைத்தால் மற்றது 108. விற்பவர் இன்னொரு 6 கொடுத்தால் மூன்று ஆண்டு நீட்டிப்பு வாரண்டி தருகிறார். வண்டிக்கென்று நான் சேர்த்திருப்பது 112. மாதம் 1.5 சேமிக்க முடிகிறது. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான அவசரகால நிதி தனியாக இருக்கிறது. கடன் ஏதும் இல்லை. இடதுகைப் பெருவிரல் மூட்டில் வலி உண்டு என்பதால் மனம் செமி-ஆட்டோமேட்டிக் பக்கம் சாய்கிறது. ஆனால், "அந்த கியர்பாக்ஸ் நம்பத் தகுந்ததல்ல, பழுதானால் சொத்தை விழுங்கும்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: செமி-ஆட்டோமேட்டிக்கையே வாங்குங்கள். ஆனால் அவசரப்பட்டு வேண்டாம். வாரண்டியும் வேண்டாம். ஏன் என்பதை விளக்குகிறேன்.

உங்கள் நண்பர்களின் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் பயப்படும் பொருள் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதற்கு விலை போட முடியும். நீங்கள் பார்த்த இரண்டு வண்டிகளிலும் இருப்பது அதே 1330 சிசி மூன்று சிலிண்டர் ரோட்டாக்ஸ் இன்ஜின். இரண்டிலும் ஆறு கியர், கூடவே ரிவர்ஸ். செமி-ஆட்டோமேட்டிக் என்றதும் கார்களில் உள்ள டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கை நினைத்துக்கொள்கிறார்கள். இது அதுவல்ல. உள்ளே பற்களோடு பற்கள் கோத்து ஓடும் சாதாரண மோட்டார்சைக்கிள் கியர்களே இருக்கின்றன. கிளட்ச்சை விடுவித்து கியரை மாற்றும் வேலையை ஒன்றில் உங்கள் இடதுகையும் காலும் செய்கின்றன. மற்றதில் கணினியின் ஆணைப்படி ஆயில் அழுத்தம் செய்கிறது. நீங்கள் கைப்பிடியில் உள்ள சிறு நெம்பை அழுத்தினால் போதும். வேகம் குறையும்போது அது தானாகவே கீழ் கியருக்கு இறங்கிக்கொள்ளும்.

எனவே நம்பகத்தன்மையில் வேறுபாடு என்று ஒன்று இருந்தால் அது கியர்களில் இல்லை. அவற்றை இயக்கும் அமைப்பில், அதாவது ஆயில் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் ஹைட்ராலிக் பகுதி, சென்சார்கள், மின் இணைப்புகள், கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றில் இருக்கிறது. இவை அழுக்கு ஆயிலையும் பலவீனமான பேட்டரியையும் பொறுத்துக்கொள்வதில்லை. செமி-ஆட்டோமேட்டிக் வண்டியில் ஹைட்ராலிக் பகுதிக்கென்றே இரண்டாவது ஆயில் ஃபில்டர் ஒன்று உண்டு, மேனுவலில் அது கிடையாது. இந்தச் சின்னப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

மேனுவலுக்கும் செலவு உண்டு, அது வரும் விதம்தான் வேறு. மூன்று சக்கர வண்டி தானாக நிற்கும். காலூன்றித் தாங்க வேண்டியதில்லை. அந்த வசதியே ஒரு கெட்ட பழக்கத்துக்கு வழி செய்கிறது. சரிவில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் அரை கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் பலர். கிட்டத்தட்ட 400 கிலோ எடையை, பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தால் அதையும் சேர்த்து, கிளட்ச் தகடுகள் சுமக்கின்றன. அவை தேயும், மாற்ற வேண்டி வரும். ஆனால் தேய்வதற்கு முன் அறிகுறி காட்டும், அனுபவமுள்ள பெரும்பாலான மெக்கானிக்குகளால் மாற்ற முடியும், செலவும் ஓரளவு கணிக்கக்கூடியது. செமி-ஆட்டோமேட்டிக்கில் பழுது வராமலே பல ஆண்டுகள் ஓடலாம். வந்தால், அந்த நிறுவனத்தின் கண்டறியும் கருவி இருக்கும் பணிமனைக்குத்தான் போக வேண்டும், பாகமும் விலை கூடியது. மேனுவலின் செலவு சில்லறையாக வரும், செமி-ஆட்டோமேட்டிக்கின் செலவு வந்தால் மொத்தமாக வரும். நண்பர்கள் "நம்பத் தகுந்ததல்ல" என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைச் செலவைப் பார்த்த அதிர்ச்சியில்தான்.

இனி கணக்குக்கு வருவோம். விலை வித்தியாசம் 8. ஐந்து ஆண்டு கழித்து விற்கும்போது இரண்டு வண்டிகளும் விலையில் 40 சதவீதத்தை இழந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் மேனுவல் 60-க்கும் மற்றது 64.8-க்கும் போகும். வித்தியாசத்தில் 4.8 உங்கள் கைக்கே திரும்புகிறது. ஆக, கிளட்ச் பிடிக்காமல் ஓட்டும் வசதிக்கு ஐந்து ஆண்டில் நீங்கள் உண்மையில் கொடுப்பது 3.2. ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த இரண்டாவது ஃபில்டரின் விலை கொஞ்சம் சேரும். எதிர்ப்பக்கத்தில் மேனுவலுக்கு ஒருமுறை கிளட்ச் தகடுகளை மாற்ற நேர்ந்தால் இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

மறுவிற்பனையிலும் செமி-ஆட்டோமேட்டிக் பின்தங்கும் என்று நான் நினைக்கவில்லை. மூன்று சக்கர வண்டியைத் தேடி வருபவர்களில் உங்களைப் போல மூட்டு வலியோ வயதோ காரணமாக வருபவர்கள் கணிசமானவர்கள். 2020-இல் இதே நிறுவனம் புதுப்பித்து வெளியிட்ட ஸ்பைடர் ஆர்டி செமி-ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே வந்தது. சந்தை போகும் திசை அதிலிருந்தே தெரிகிறது.

ஆக, சாதாரண ஆண்டுகளில் இரண்டு வண்டிகளுக்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. அசாதாரணமான அந்த ஓர் ஆண்டில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஹைட்ராலிக் பகுதியையும் கிளட்ச்சையும் சேர்த்து மாற்ற, கூலி உட்பட 15 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். (இதை ஊகத்தில் விடாதீர்கள். அதிகாரபூர்வ பணிமனை ஒன்றில் இரண்டு பாகங்களுக்கும் எழுத்துப்பூர்வமான மதிப்பீடு கேட்டு, இந்த 15-க்குப் பதில் அந்த எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள்.) அந்த 15 கையில் இருந்தால் அது ஒரு வருத்தம், அத்துடன் முடிந்தது. கையில் இல்லாமல், ஆண்டுக்கு 36 சதவீத வட்டியுள்ள கடன் அட்டையில் போட்டு இரண்டு ஆண்டுகளில் அடைத்தால் மொத்தம் 21-க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். வட்டி மட்டுமே 6-க்கு மேல். வண்டிகளின் விலை வித்தியாசமான 8-இன் பெரும்பகுதிக்கு ஒரே பழுதின் வட்டி ஈடாகிவிடுகிறது. ஓய்வு பெற்ற பிறகு, வருமானம் குறைந்த நேரத்தில் இது வந்தால் கையைக் கடிக்கும். உங்களிடம் நான் கவலைப்படும் ஒரே இடம் இதுதான்.

அப்படியானால் வாரண்டியை வாங்கிவிடலாமே என்று தோன்றும். மூன்று ஆண்டுக்கு 6 கேட்கிறார்கள். பழுதின் செலவு 15. அந்தப் பெரிய பழுதை மட்டும் வைத்துப் பார்த்தால், மூன்று ஆண்டுகளுக்குள் அது வரும் வாய்ப்பு 40 சதவீதமாக இருந்தால்தான் வாரண்டி தன் விலைக்கு ஈடாகும். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டியில் பத்துக்கு நான்கு என்பது மிக அதிகமான வாய்ப்பு. சரியாகப் பராமரிக்கப்படாத வண்டியில் அப்படி நடக்கலாம். ஆனால் அங்கே வாரண்டி கைவிட்டுவிடும். இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இரண்டு விலக்குகள் இருக்கும்: வாங்கும் முன்பே இருந்த பழுது, பராமரிப்புக் குறைவால் வந்த பழுது. சர்வீஸ் ரசீதுகள் இல்லையென்றால் இரண்டையும் உங்கள் தலையில் கட்டுவது எளிது. ரசீதுகள் இருக்கும் வண்டிக்கு வாரண்டி அவ்வளவாகத் தேவையில்லை, இல்லாத வண்டிக்கு அது உதவுவதில்லை. அந்த 6-ஐ உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். (இன்னொன்று: 112-இல் 108 போனால் மிச்சம் 4. வாரண்டி வாங்க வேண்டுமென்றால் அவசரகால நிதியிலிருந்து 2 எடுக்க வேண்டும். இது ஒன்றே வேண்டாம் என்று சொல்லப் போதும்.)

செய்ய வேண்டியது இதுதான். மிச்சமாகும் 4-ஐத் தனிக் கணக்கில் போட்டு அதற்கு "வண்டிப் பழுது" என்று பெயர் வையுங்கள். மாதச் சேமிப்பான 1.5 முழுவதும் அதில் போகட்டும். எட்டு மாதத்தில் அது 15-ஐத் தாண்டிவிடும். வேலையில் இருக்கும்போதே நடந்துவிடும் காரியம் இது. அந்த எட்டு மாதத்துக்குள் பழுது வந்தால் மட்டும் அவசரகால நிதியைத் தொடலாம், பிறகு முதல் வேலையாக அதை நிரப்ப வேண்டும். மனதுக்கு இது ஒப்பவில்லையென்றால், அந்த எட்டு மாதம் பொறுத்து வாங்குங்கள். நீங்கள் பார்த்த வண்டி போய்விட்டாலும் இதே ஆண்டுத் தயாரிப்பு இன்னொன்று கிடைக்கும். பொறுத்ததால் நீங்கள் இழக்கப்போவது எதுவுமில்லை. விலை பேசி 8-ஐ 5 ஆக்க முடிந்தால் அந்த 3-உம் பழுதுக் கணக்குக்கே போக வேண்டும், தலைக்கவசத்துக்கோ அலங்காரப் பாகங்களுக்கோ அல்ல.

இனி, குறிப்பிட்ட அந்த வண்டியைப் பார்ப்போம். "செமி-ஆட்டோமேட்டிக் நம்பகமானதா" என்று பொதுவாகக் கேட்டால் யாரிடமும் நேரான பதில் கிடைக்காது. ஒரே பெயரில் உலவும் பொருள்களே வேறு வேறு. ஸ்பைடரின் பழைய 998 சிசி வண்டிகளில் ஐந்து கியர் செமி-ஆட்டோமேட்டிக்கில் இருந்தது இன்ஜின் சுழற்சி ஏற ஏறத் தானாகப் பற்றும் மையவிலக்குக் கிளட்ச். போலாரிஸ் ஸ்லிங்ஷாட் 2020-இல் கொண்டுவந்த ஆட்டோடிரைவ் வேறொரு ஏற்பாடு. கேன்-ஆம் 2019 முதல் தரும் ரைக்கரில் கியரே கிடையாது, பெல்ட்டும் கப்பிகளும் கொண்ட சிவிடி. ஹார்லியின் டிரை கிளைடு மேனுவல்தான், ரிவர்ஸுக்கு மட்டும் மின்மோட்டார். ஒன்றைப் பற்றிய புகாரை இன்னொன்றின் மீது ஏற்றாதீர்கள்.

சர்வீஸ் ரசீதுகளைக் கையில் வாங்கி, ஆயில் மாற்றிய ஒவ்வொரு ரசீதிலும் எத்தனை ஃபில்டர் என்று பாருங்கள். செமி-ஆட்டோமேட்டிக் வண்டியின் ரசீதில் ஒரே ஒரு ஃபில்டர்தான் இருக்கிறதென்றால், ஹைட்ராலிக் பகுதிக்கான ஃபில்டரைத் தொடாமலே விட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு முறை என்றால் கேள்வி கேளுங்கள், பல முறை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஊற்றியது ஈரக் கிளட்ச்சுக்கு (ஆயிலில் நனைந்தபடியே இயங்கும் கிளட்ச்) உகந்த மோட்டார்சைக்கிள் ஆயிலா என்பதும் ரசீதில் தெரியும். இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் என்பதால், கார் ஆயிலை ஊற்றியிருந்தால் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம்.

நீங்கள் போய்ச் சேரும் முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, நியூட்ரலிலிருந்து முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சில முறை மாற்றிப் பாருங்கள். தயக்கமோ, ஏற்க மறுப்பதோ, எச்சரிக்கை விளக்கோ கூடாது. ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியை அளந்து பார்த்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். மின்னழுத்தம் தளர்ந்தால் கணினி இல்லாத பழுதையும் இருப்பதாகக் காட்டும். பேட்டரி மாற்றினால் தீரும் சிக்கலுக்குப் பெரும் பழுதின் பெயர் சூட்டிப் பணம் பறிகொடுத்தவர்கள் உண்டு. பிறகு நடுத்தர வேகத்தில் மேல் கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாகத் திருகுங்கள். சுழற்சிமானியின் முள் மட்டும் துள்ளி ஏறி வண்டி அதற்கேற்ப முன்னே போகவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. இந்தச் சோதனை மேனுவலுக்கும் பொருந்தும்.

கடைசியாக உங்கள் பெருவிரல். ஸ்பைடரில் மேல் கியருக்குப் போக இடதுகைப் பெருவிரலால்தான் நெம்பை முன்னே தள்ள வேண்டும், கீழே இறங்க ஆள்காட்டி விரலால் இழுக்க வேண்டும். அது லேசான மின் சுவிட்ச்தான், கிளட்ச் நெம்பை அழுத்தும் வலு தேவையில்லை. ஆனாலும் வலி இருக்கும் அதே மூட்டுக்குத்தான் வேலை. பத்து நிமிடச் சோதனை ஓட்டத்தில் இது தெரியாது. வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாள் எடுத்து, நின்று நின்று போகும் நெரிசலில் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். அந்த வாடகைப் பணத்தைச் செலவாகக் கருதாதீர்கள். வலி கூடினால் நீங்கள் பார்த்து வைத்த இரண்டு வண்டிகளுமே உங்களுக்கானவை அல்ல. பார்க்க வேண்டியது சிவிடி வண்டி. அதன் பெல்ட் தேயும் பொருள் என்பதால் பழுதுக் கணக்கின் அளவும் மாறும். அப்போது அந்த வண்டியின் விலையோடு மீண்டும் எழுதுங்கள், கணக்கைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்.