பாடம் வீட்டில், பயிற்சி கிளினிக்கில்: மருந்து எழுத விரும்பும் உளவியலாளர்களின் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உரிமம் பெற்ற உளவியலாளர் நான், பிஎச்.டி. முடித்திருக்கிறேன். உளமருந்தியல் (மனநல மருந்துகளைப் பற்றிய படிப்பு) முதுகலையை ஆன்லைனில் முடித்தால் இங்கேயே மருந்து எழுதலாமா?

முடியாது. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். மருந்து எழுதும் அதிகாரத்தை மாநிலச் சட்டம்தான் தர வேண்டும். நியூ மெக்சிகோ (2002), லூசியானா (2004), இல்லினாய் (2014), அயோவா (2016), ஐடஹோ (2017), கொலராடோ (2023), யூட்டா (2024) ஆகியவை அந்தச் சட்டத்தை இயற்றியவை. ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டே இந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்துவதால் பலர் குழம்பிவிடுகிறார்கள்.

எனவே கட்டணம் கட்டும் முன் எந்த மாநிலத்தில் வேலை செய்யப்போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். சட்டத்துக்குச் சட்டம் வேறுபாடு பெரியது. இல்லினாயின் 2014 சட்டம் 17 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மருந்து எழுத அனுமதிக்கவில்லை. குழந்தைகளோடு வேலை செய்பவருக்கு அங்கே என்ன பயன்? லூசியானாவில் 2010 முதல் மருந்து எழுதும் உளவியலாளர்கள் மருத்துவ வாரியத்தின் கீழ் வருகிறார்கள்.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

நியூ மெக்சிகோவின் கணக்கு: வகுப்புப் பாடம் 450 மணி, உடல் பரிசோதனை, நோயால் உடல் இயக்கம் மாறும் விதம் ஆகியவற்றில் பயிற்சி 80 மணி, அதன்பின் மருத்துவர் மேற்பார்வையில் குறைந்தது 100 நோயாளிகளோடு 400 மணி. தேர்ச்சி பெற்ற பிறகும் முதல் 2 ஆண்டுகளுக்கு நிபந்தனைச் சான்றிதழ்தான், மேற்பார்வை தொடரும். இதில் தொலைவிலிருந்து முடிக்கக்கூடியது முதல் பகுதி மட்டுமே.

உடல் பரிசோதனையை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாதா?

பார்க்கலாம், ஆனால் கை பழகாது. ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் வெண்லாஃபாக்சின் மாத்திரையின் அளவு கூடக் கூட அழுத்தம் ஏறலாம். கைப்பட்டை சிறியதாக இருந்தாலோ, 5 நிமிடம் உட்கார வைக்காமல் அளந்தாலோ, கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலோ எண் கூடுதலாக வரும். அந்தத் தவறான எண்ணை நம்பி, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிடுவீர்கள்.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. மருந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிகுந்துபோன நோயாளியின் பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கிப் பிடித்தால், கணுக்கால் உங்கள் கையில் தாளம் தப்பாமல் துடிக்கும். மனநோய் மருந்தால் வரும் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற ஆபத்தான நிலையில் அந்தத் துடிப்பு இராது. கைகால் ஈயக்குழாய்போல் விறைத்திருக்கும். இரண்டிலும் காய்ச்சல், வியர்வை, குழப்பம் உண்டு. பிரித்தறிய உதவுவது தொட்டுப் பார்த்த கைதான். நேரில் வந்து செய்யும் பயிற்சி நாட்கள் இல்லாத படிப்பில் சேராதீர்கள்.

மேற்பார்வை மருத்துவர் கிடைக்காமல் பலர் பாதியில் நிற்கிறார்களாமே?

ஆம், பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. பாடங்களை முடித்துவிட்டுத் தேடலாம் என்று தள்ளிப்போடுவதுதான் காரணம். முதல் பருவத்திலேயே ஒரு குடும்ப மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ பேசி, வாரம் எத்தனை மணி, யார் கையெழுத்திடுவது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். 100 நோயாளிகள் என்றால் 100 தனி ஆட்கள். ஒரே ஆளின் பத்து வருகைகள் ஒன்றாகவே எண்ணப்படும். சிறிய கிளினிக்கில் மணிக்கணக்கு நிறைந்துவிடும், ஆள் எண்ணிக்கை நிறையாது. தேதி, வயது, நோய், மருந்து, பரிசோதனை முடிவு, மேற்பார்வையாளர் கையெழுத்து ஆகியவற்றைக் கொண்ட பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் கையெழுத்துக்கு அலைந்தால், அதற்குள் அந்த மருத்துவர் வேறு ஊருக்கே போயிருக்கலாம்.

மனநல மருந்துக்குச் சிறுநீரகப் பாடம் எதற்கு?

இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியத்துக்காகவே அதைப் படிக்கலாம். அது உடலைவிட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டாலோ, ரத்த அழுத்தத்துக்குத் தையசைடு (சிறுநீரைப் பெருக்கும்) மாத்திரை தொடங்கினாலோ, வெளியேற்றம் குறைந்து லித்தியம் நச்சு அளவுக்கு ஏறலாம். ரத்தத்தைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவரின் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினினோடு தைராய்டையும் கால்சியத்தையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.

தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

மருந்துப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், காரணத்தைப் பிடியுங்கள். மனச்சோர்வு மருந்தான ஃபுளுஆக்செட்டினை நிறுத்தி, எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற வேறு வகை மனச்சோர்வு மருந்தைத் தொடங்க ஏன் 5 வாரம் காத்திருக்க வேண்டும்? அதன் வளர்சிதைப் பொருளான நார்ஃபுளுஆக்செட்டின் பாதியாகக் குறையவே ஒன்று முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கும். இது புரிந்தால் எண் தானாக நினைவில் நிற்கும்.

சென்னையில் எம்.ஃபில். மருத்துவ உளவியல் முடித்தேன். இந்தப் படிப்பு முடித்தால் இந்தியாவில் மருந்து எழுதலாமா?

எழுதக் கூடாது. தன் தொழில்துறை அனுமதிக்காத மருந்தை யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்கச் சட்டங்களும் முனைவர் பட்டத்தோடு உரிமம் பெற்ற உளவியலாளரையே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, எம்.ஃபில். போதாது. மனநல மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்யும்போது பக்கவிளைவை முன்கூட்டியே கவனித்துச் சொல்ல இந்த அறிவு பெரிதும் உதவும். அதற்காக என்றால் தனிப் பாடம் ஒன்றிரண்டே போதும். பட்டத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.