அண்ணனுக்கும் ஒரு பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாலு வருடங்களாகச் சிறுகதைகள் எழுதுகிறேன். சில இதழ்களில் வந்திருக்கின்றன. மொழி நன்றாக இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் நான் மதிக்கும் ஒருவர், ‘உங்கள் கதைகளை இரண்டாவது தடவை படிக்கத் தோன்றவில்லை’ என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எழுத உட்கார்ந்தாலே கை ஓடவில்லை. எழுத்தை மேம்படுத்திக்கொள்ள என்ன செய்வது? தினமும் இத்தனை பக்கம் என்று வைத்துக்கொள்ள வேண்டுமா? பயிற்சி வகுப்பில் சேரலாமா? எனக்கென்று ஒரு நடை எப்படி அமையும்? கடைசியாக எழுதிய கதையை இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் படியுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். தினமும் எழுதுங்கள், எத்தனை பக்கம் என்பதை உங்கள் வேலையும் உடம்பும் முடிவு செய்யட்டும். வகுப்பில் சேர்ந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, எழுதியதைப் படித்துச் சொல்ல நாலு பேர் கிடைப்பார்கள். நடையைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

கதையைப் படித்தேன். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்துபோகிறார். அவர் இருக்கும்போதே அண்ணன் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியிருக்கிறான். கதையைச் சொல்கிற தம்பி எதுவும் கேட்காமல் கிளம்பிப் போகிறான். இதில் அண்ணன் ஐந்து இடத்தில் வாய் திறக்கிறான். ஐந்திலும் பணம். தம்பியோ மழையைப் பார்க்கிறான், பழைய நாட்களை நினைக்கிறான், பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறான். எனக்குக் கோபம்தான் வந்தது. தம்பிக்கு நீங்களே வக்கீலாக நிற்கிறீர்கள். அண்ணன் பக்கம் ஆஜராக ஆளே இல்லை. ஒரு தரப்பு மட்டும் பேசுகிற வழக்கில் தீர்ப்பு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் இரண்டாவது தடவை எதற்குப் படிக்க வேண்டும்? நீங்கள் மதிக்கும் அந்த ஆள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அதே கதையின் மூன்றாம் பக்கத்தில், உங்களையும் அறியாமல் ஒரு வரி விழுந்திருக்கிறது. எல்லோரும் போன பிறகு அண்ணன் மேஜைமேல் இருக்கும் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுக்கிறான். ஒரு பக்கக் கம்பி உடைந்து நூலால் கட்டியிருக்கிற கண்ணாடி. சட்டை நுனியால் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். காசுக்குப் பெறாத பொருள் அது. காசைத் தவிர வேறு எதையுமே பேசாத ஆள் அதை ஏன் எடுக்கிறான்? எடுத்தது இருக்கட்டும், ஏன் துடைக்கிறான்? இனிமேல் அதைப் போட்டுக்கொள்ள யாரும் இல்லையே. நீங்கள் அடுத்த வரியிலேயே தம்பியின் கண்ணீருக்குப் போய்விட்டீர்கள்! இவ்வளவு நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவர், பார்த்ததை நம்பாமல் ஓடியிருக்கிறீர்கள். அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

கதையில் கெட்டவனாக வருகிறவனுக்கும் ஒரு பக்கம் கொடுப்பதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்ததால்தான் பொதுவில் பதில் எழுதுகிறேன். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1890இல் குதிரைத் திருடர்களைப் பற்றி ஒரு கதை எழுதினார். பதிப்பாளர் சுவோரினுக்கு அதில் ஒரு குறை: திருட்டு தீமை என்று கதை எங்கேயும் சொல்லவில்லை. செகாவ் எழுதிய பதிலின் சாரம் இது. குதிரை திருடுவது தப்பு என்பது நான் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது ஜூரிகளின் வேலை. 700 வரிகளில் அவர்களைக் காட்ட வேண்டுமென்றால், அந்த நேரம் முழுக்க நான் அவர்களுடைய தொனியில் பேசி, யோசித்து, அவர்கள் உணர்கிற மாதிரி உணர வேண்டும்.

தொல்ஸ்தோய் 1873இல் ‘அன்னா கரீனினா’வைத் தொடங்கியபோது எழுதிய ஆரம்ப வரைவுகளில், கணவர் இருக்கும்போதே இன்னொருவனைக் காதலிக்கிற அன்னா கவர்ச்சியில்லாத, பண்பு குறைந்த பெண். அவள் கணவர்தான் நம் அனுதாபத்துக்குரியவர். திருத்தித் திருத்தி எழுதியதில் அவள் நாம் அறிந்த அன்னாவானாள். அதற்காக அவர் கணவரைக் கைவிட்டுவிடவில்லை. ரயில் நிலையத்தில் அவருடைய காதுகளைப் பார்த்து அன்னாவுக்குத் திடீரென்று ஒவ்வாமை வருகிறதே, அதே மனிதர்தான் பின்னால் அவள் நோய்ப்படுக்கை அருகே அழுது அவளை மன்னிக்கிறார். அந்த இடத்தில் படிப்பவர் யார் பக்கம் நிற்பது?

நம் மொழியிலும் இருக்கிறது. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதையில், மழையில் ஒரு கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு கெடுத்துவிடுகிறவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. அது, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றும் அம்மாவின் கதை. அதற்கு அவன் அந்த அளவு போதும். பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அவன் பிரபு ஆகிறான். மனைவி, மகள், தன்மேலேயே ஒரு கசப்பு என்று ஒரு முழு ஆளாக வந்து நிற்கிறான். அவன் செய்த காரியம் கொஞ்சமும் சிறிதாகிவிடவில்லை. ஆனாலும் அவனை வெறுத்து ஒதுக்கிவிட்டு அந்த நாவலைப் படித்து முடிக்க முடியாது.

என் சித்தப்பா ஒருவர் என்னை அடிப்பார். அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். வார் மடங்காமல், முகப்பு மேலே தெரியும்படி, நிதானமாக. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். வெகுகாலம் கழித்து அவரை ஒரு கதையில் எழுத உட்கார்ந்தேன். கழற்றுகிற கையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது, உலோக வார் என் முகத்தைக் கிழித்துவிடும் என்று அவர் பயந்திருக்கலாம். அடிக்கவும் வேண்டும், காயமும் படக் கூடாது. இரண்டும் ஒரே ஆளுக்குள். நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்தக் கடிகாரம் இல்லாமல் அவரை எழுதியிருந்தால் அது வெறும் புகார் மனுவாக இருந்திருக்கும்.

உடனே போய் அண்ணனுக்கு ஒரு சோகமான இளமைப் பருவத்தைச் சேர்த்துவிடாதீர்கள். இப்போது நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். முழுக் கதையிலும் ஒருவனை அரக்கனாக நடத்திவிட்டு, கடைசிக்கு முந்தின பத்தியில் அவன் சின்ன வயதில் பட்ட கஷ்டத்தை வைப்பது. அது வாசகருக்குக் கொடுக்கிற லஞ்சம். அண்ணன் ஏன் இப்படி ஆனான் என்ற விளக்கம் எனக்கு வேண்டாம். அந்த நிமிடத்தில் அவனுக்கு என்ன வேண்டியிருந்தது, தான் செய்வது நியாயம் என்று எப்படி நம்பினான், அதை மட்டும் காட்டுங்கள். வருடக்கணக்கில் அப்பாவின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தவன் அவனாக இருக்கலாம். தம்பி விசேஷ நாட்களில் மட்டும் வந்து, நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போனவனாக இருக்கலாம். உங்கள் தம்பி அவ்வளவு நல்லவனா என்ற சந்தேகம் உங்களுக்கு ஒரு தடவைகூட வரவில்லையே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒன்று செய்யுங்கள். முழுக் கதையையும் அண்ணன் தன் வாயால் சொல்கிற மாதிரி எழுதுங்கள். வெளியிட அல்ல, உங்களுக்காக. அவன் திருந்த வேண்டாம், அழ வேண்டாம், வீட்டைத் திருப்பிக் கொடுக்கவே வேண்டாம். தம்பியைப் பற்றி அவன் வாயில் வருகிற சொற்களை மென்று விழுங்காமல் போடுங்கள். உங்களுக்கு வலிக்கும், வலிக்கட்டும். அப்புறம் பழைய வரைவை எடுத்து மறுபடி தம்பியின் பக்கத்திலிருந்தே எழுதுங்கள். அண்ணன் பணம் பேசுகிற ஐந்து இடங்களில் எது தானாகவே உதிர்கிறது, எது நிற்கிறது என்று பார்த்து, இரண்டு வரைவையும் எனக்கு அனுப்புங்கள்.