பூங்காவைத் தாண்டிய பைசனைச் சுடலாமா? – கேள்வி பதில்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து குளிர்காலத்தில் வெளியே வரும் பைசன்களை (அமெரிக்கக் காட்டெருமைகளை) வேட்டையாடுவது பற்றிச் சேர்ந்திருந்த கேள்விகளுக்கு இங்கே பதில். பாதிக்கு மேல் கோபத்தில் எழுதப்பட்டவை, அதுவும் இரண்டு தரப்பிலிருந்தும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பூங்காவுக்குள் தொட்டால் குற்றம், நாலடி வெளியே வந்தால் சுடலாம். இது என்ன நியாயம்?

அங்கே சட்டம் விலங்கோடு நடந்து போவதில்லை, நிலத்தோடு நின்றுவிடுகிறது. பூங்காவுக்குள் மத்திய அரசின் வேட்டைத் தடை. அந்தத் தடை வந்ததே தாமதமாகத்தான். பூங்கா அமைந்தது 1872இல். ஆனால் உள்ளே பைசனைக் கொன்றவனைத் தண்டிக்க 22 வருடம் உருப்படியான சட்டமே இல்லை. 1894 மார்ச்சில் எட்கர் ஹவல் என்ற திருட்டு வேட்டைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். பிடித்தவர்களால் செய்ய முடிந்தது அவனைப் பூங்காவைவிட்டுத் துரத்துவது மட்டும்தான். செய்தி பத்திரிகையில் வந்து ஊரே கொதித்த பிறகு, அதே ஆண்டு மே மாதம் லேசி சட்டம் வந்தது.

பூங்காவுக்கு வெளியே வனவிலங்கு மாநிலத்தின் பொறுப்பு. பூங்காவை ஒட்டிய மொன்டானா மாநிலத்தில் பைசனுக்கு இரண்டு முகம். வனவிலங்குத் துறைக்கு அது வேட்டை விலங்கு. கால்நடைத் துறைக்கு அது நோய் சுமந்து வரும் ஆபத்து. இரண்டு துறைக்கும் அதன் மேல் அதிகாரம் உண்டு.

எல்லையைத் தாண்டியதும் சுடப்படுவது பைசன் மட்டுமல்ல. எல்க் மானுக்கும் அதே கதிதான், யாரும் கேள்வி கேட்பதில்லை. பைசனுக்கு என்று தனியாக இருப்பது இரண்டாவது கோடு ஒன்று. பூங்காவின் வடக்கிலும் மேற்கிலும் குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டும் அது நிற்கலாம். அதையும் தாண்டினால் திருப்பி விரட்டுவார்கள், இல்லையென்றால் கொன்றுவிடுவார்கள். எல்க் மானுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. வேட்டையின் மேல் காட்டும் கோபத்தில் பாதியையாவது இந்த இரண்டாவது கோட்டின் மேல் காட்டுங்கள் என்பேன். கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

உள்ளேயே தீவனம் போட்டு, வேலி கட்டி வைத்துக்கொள்ளலாமே?

போட்டுப் பார்த்தவர்கள்தான். 1902இல் பூங்காவில் மிஞ்சியிருந்த காட்டுப் பைசன்கள் சுமார் இரண்டு டஜன். வெளியிலிருந்து சிலவற்றை வாங்கி வந்து, லமார் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்து, வைக்கோல் போட்டு வளர்த்துத்தான் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். பிறகு அந்த முறையைக் கைவிட்டார்கள். தீவனம் போடும் இடத்தில் விலங்குகள் நெருக்கியடித்து நிற்கும், நோய் பரவ அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. பக்கத்து வயோமிங் மாநிலத்தில் எல்க் மான்களுக்குத் தீவனம் போடும் இடங்களில் நடப்பது அதுதான்.

அப்புறம் நிலத்தின் அமைப்பு. பூங்காவின் பெரும்பகுதி சுமார் 2,400 மீட்டர் உயரப் பீடபூமி. பைசன் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பனியை விலக்கி மேயும். பனி மிகவும் ஆழமாகிவிட்டால் அதுவும் பலிக்காது, தாழ்வான இடம் தேடி இறங்கும். வடக்கே கார்டினர் ஊர்ப்பக்கம், மேற்கே ஹெப்கன் ஏரிக்கரையில் ஹார்ஸ் பியூட் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். 1872இல் பூங்காவுக்குக் கோடு போட்டவர்கள் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்துப் போட்டார்களே தவிர, குளிர்காலத்தில் விலங்கு எங்கே மேயும் என்று பார்க்கவில்லை.

மாடுகளுக்கு நோய் பரவும் என்கிறார்களே, உண்மையா?

நோய் உண்மை. புருசெல்லோசிஸ் என்ற தொற்று. சினை மாடு கன்று வீசிவிடும். நம் ஊரிலும் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லைதான், கிடாரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். யெல்லோஸ்டோன் பைசன்களில் இது முதலில் கண்டறியப்பட்டது 1917இல். அவற்றுக்கு அது வந்ததே ஐரோப்பியர் கொண்டுவந்த மாடுகளிடமிருந்துதான். இன்று வளர்ந்த பெண் பைசன்களில் பாதிக்கு மேல் அந்தக் கிருமியை எதிர்கொண்டதற்கான அடையாளம் ரத்தத்தில் தெரிகிறது. அத்தனையும் நோய் பரப்பும் என்று அர்த்தமில்லை. வீசப்பட்ட கன்று, நஞ்சுக்கொடி, பிரசவ நீர் ஆகியவற்றை மாடு நக்கினால், முகர்ந்தால் தொற்றும். அதனால் ஆபத்தான காலம் குளிர்காலக் கடைசியும் வசந்தமும்.

ஆனால் யெல்லோஸ்டோனின் காட்டுப் பைசனிடமிருந்து மாட்டுக்கு இந்த நோய் தொற்றியதாகப் பதிவு ஒன்றுகூட இல்லை. அந்த வட்டாரத்து மாடுகளுக்கு அண்மைக் காலத்தில் நோய் வந்த போதெல்லாம் தடயம் எல்க் மானில் போய் முடிந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கை இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. மாட்டுப் பண்ணைக்காரர் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்: பைசனை மாடுகளிடமிருந்து பிரித்தே வைத்திருப்பதால்தான் தொற்றவில்லை. சரி, அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஆளில்லாத மலைக்காட்டில், மாடே மேயாத இடத்தில் பைசன் நிற்பதையும் ஏன் தடுக்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. 2008இல் மொன்டானா நோயற்ற மாநிலம் என்ற தகுதியை இழந்தது; மாட்டை வெளியே விற்பது கடினமானது. அந்த பயம் இன்னும் போகவில்லை. இரண்டு பண்ணைகளில் நோய் வந்தாலே மாநிலம் முழுவதும் தகுதி இழக்கும் என்ற பழைய விதி 2010க்குப் பிறகு தளர்ந்துவிட்டது, பயம் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

பழங்குடிகளுக்கு மட்டும் தனிச் சலுகை ஏன்? மாநில உரிமம் இல்லாமலே சுடுகிறார்களாமே?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. இது சலுகை இல்லை. அவர்களுடைய நிலத்தின் விலையில் ஒரு பகுதி.

1855இல் நெஸ் பெர்ஸ், யகமா, உமடில்லா வட்டாரத்து இனங்கள், சாலிஷ்–கூட்டனாய் ஆகியோரோடு அமெரிக்க அரசு ஒப்பந்தங்கள் போட்டது. மிகப்பெரிய நிலப்பரப்பைக் கொடுத்தார்கள். திறந்து கிடக்கும், யாரும் உரிமை கோராத நிலத்தில் வேட்டையாடவும் கிழங்கு, பழம் சேகரிக்கவும் குதிரை மேய்க்கவும் உள்ள உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஷோஷோனி–பானக் மக்களுக்கு 1868 ஃபோர்ட் பிரிட்ஜர் ஒப்பந்தம். நாட்டை விற்றவர்கள் வேட்டையை விற்கவில்லை, அவ்வளவுதான். இத்தகைய ஒப்பந்தம் பழங்குடிகளுக்கு உரிமை வழங்கிய பத்திரம் அல்ல, அவர்கள் கொடுத்ததைப் பதிந்த பத்திரம், கொடுக்காதது அவர்களுடையதே. யகமா மக்களின் மீன்பிடி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இலேயே இந்த அடிப்படையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

‘மாநிலம் உருவானதும் அந்த உரிமை காலாவதியாகிவிட்டது’ என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு தீர்ப்பு 1896இல் இருந்தது உண்மை. 2019இல் ஹெர்ரேரா எதிர் வயோமிங் வழக்கில் அது விழுந்தது. குரோ இனத்தைச் சேர்ந்த கிளேவின் ஹெர்ரேரா எல்க் மான்களைத் தொடர்ந்து போய், வயோமிங்கில் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் சுட்டார். மாநிலம் வழக்குப் போட்டது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: 1890இல் வயோமிங் மாநிலம் ஆனதால் குரோ மக்களின் 1868 ஒப்பந்த உரிமை அழியவில்லை, தேசியக் காடு என்று அறிவித்ததாலேயே அந்த நிலம் குடியேறப்பட்ட நிலம் ஆகிவிடாது. மானைப் பற்றிய வழக்குதான், ஆனால் பைசன் வேட்டைக்கும் அடித்தளம் இதே தர்க்கம்.

அதனால் மாநிலத்தின் உரிமமும் பருவமும் அவர்களைக் கட்டாது. ஆனால் விதியே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு இனத்தின் அரசும் தன் மக்களுக்கு அனுமதிச் சீட்டு தருகிறது, தன் காவலர்களைக் களத்துக்கு அனுப்புகிறது. நெஸ் பெர்ஸ் மக்கள் இன்றைய ஐடஹோ பகுதியிலிருந்து மலை கடந்து பைசனைத் தேடி வந்தவர்கள். 1877 போரில் ராணுவத்திடமிருந்து தப்பி அவர்கள் ஓடிய வழியே இந்தப் பூங்காவுக்குள்தான் போகிறது. அப்போது அங்கே சுற்றுலாப் பயணிகள்கூட இருந்தார்கள். இந்த நூற்றாண்டில் இங்கே ஒப்பந்த வேட்டையை முதலில் மீட்டவர்களும் அவர்கள்தான், 2006இல்.

காணொளி பார்த்தேன். சாலையோரம் வரிசையாக நின்று சுடுகிறார்கள். இதற்குப் பெயர் வேட்டையா?

நீங்கள் பார்த்தது அநேகமாக பீட்டி கல்ச் என்ற இடம். கார்டினருக்கு வடக்கே, பூங்கா எல்லையை ஒட்டிய தேசியக் காட்டுத் துண்டு. பனி அதிகமான வருடம் மந்தைகள் அந்தக் குறுகிய வழியாகத்தான் இறங்கும். துப்பாக்கியோடு பலர் காத்திருப்பார்கள். பக்கத்தில் வீடுகள், சாலை. குடல் குவியல்கள் அங்கேயே கிடக்கும். அக்கம்பக்கத்தினர் நீதிமன்றம் வரை போனார்கள்.

அழகான காட்சி இல்லை. அங்கே வேட்டையாடும் பழங்குடியினர் பலருக்கும் அது பிடிக்கவில்லை. பைசன் பரந்து திரிய விட்டால் வேட்டைக்காரனும் மைல் கணக்கில் நடந்து தேடுவான். பைசனை ஒரு வாசலில் அடைத்துவிட்டு, வாசலில் கூட்டமாக இருக்கிறதே என்று கேட்பதில் பொருளில்லை. 2015 இறுதியில் அன்றைய ஆளுநர் ஸ்டீவ் புல்லக் மேற்குப் பக்கத்தில் பைசன் வருடம் முழுவதும் இருக்க அனுமதித்தார். நோய் அங்கே வெடித்துக் கிளம்பவில்லை. வடக்கிலும் அதேபோல் இடம் கூட்டியிருந்தால் பீட்டி கல்ச் இவ்வளவு பேசப்பட்டிருக்காது.

மாநில வேட்டைக்கும் இந்தக் கறை உண்டு. 1980களில் மாநிலக் காவலர்களே வேட்டைக்காரரை விலங்கின் அருகே கூட்டிப் போனார்கள். அசையாமல் நிற்கும் பைசனைச் சுடுவது தொலைக்காட்சியில் வந்தது. நாடே திட்டியது. 1991இல் சட்டமன்றம் அதை நிறுத்தியது. 2005இல்தான் மறுபடி தொடங்கியது.

இப்படியே போனால் இனமே அழிந்துவிடாதா?

அழியாது. மந்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பெருகக்கூடியது. 2022 கோடையில் சுமார் 6,000 இருந்தன. அடுத்து வந்த கடும் குளிர்காலத்தில் 1,500க்கு மேல் மந்தையிலிருந்து போயின, அதில் 1,100க்கும் மேல் வேட்டையில். ஒரே பருவத்தில் கால் பங்கு என்பது அதிகம்தான், நான் அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்கடுத்த குளிர்காலம் பனி குறைவு. மிகச் சிலவே வெளியே வந்தன. பனிதான் அங்கே உண்மையான வேட்டை ஆணையர்.

2024 ஜூலையில் பூங்கா நிர்வாகம் புதிய திட்டத்தை இறுதி செய்தது: கன்று ஈன்ற பிறகு 3,500 முதல் 6,000 வரை. 2000ஆம் ஆண்டுத் திட்டத்தின் இலக்கு 3,000. புதிய எண்ணிக்கை அதிகம் என்று மொன்டானா அரசு அந்த ஆண்டின் கடைசியில் வழக்குத் தொடுத்தது.

உயிரோடு பிடித்து வேறு இடத்துக்கு அனுப்ப முடியாதா?

முடிகிறது, மெதுவாக. எல்லை அருகே பட்டியில் பிடித்து, ரத்தம் சோதித்து, நோயில்லாதவற்றைத் தனிமையில் வைத்து மீண்டும் மீண்டும் சோதிப்பார்கள். பெண் பைசனானால் வருடக்கணக்கு ஆகும். தேறியவை மொன்டானாவின் வடகிழக்கில் உள்ள ஃபோர்ட் பெக் பழங்குடிப் பகுதிக்குப் போய், அங்கிருந்து பல இனங்களின் நிலங்களுக்குப் பிரிந்து போகின்றன. 2019 முதல் நூற்றுக்கணக்கானவை இப்படிப் போயிருக்கின்றன. பட்டியில் இடம் குறைவு, அதுதான் தடை. தேறாதவற்றில் பல இறைச்சிக் கூடத்துக்குப் போகும்; அந்த இறைச்சியும் பெரும்பாலும் பழங்குடிகளுக்கே.

கொடைக்கானல் தெருவில் காட்டுமாடு நடமாடுகிறது. இங்கே பழங்குடிகளுக்கு இதுபோல் உரிமை உண்டா?

இல்லை. காட்டுமாடு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அது தெருவுக்கு வந்தாலும், தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாலும் அதே பாதுகாப்புதான். இங்கே சட்டம் விலங்கோடு நடந்து போகிறது. பழங்குடிகளுக்காகவும் பாரம்பரியமாகக் காட்டில் வாழும் பிறருக்காகவும் வந்த 2006 வன உரிமைச் சட்டம் பாரம்பரிய உரிமைகளை வரிசையாக ஏற்றுக்கொண்டு, வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. அங்கே பழங்குடியும் அரசும் ஒப்பந்தத்தின் இரண்டு தரப்பு. இங்கே குடிமகனுக்கு அரசு தரும் உரிமை. இதில் எது மேல் என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு விருப்பமில்லை.

அந்த இறைச்சியைச் சாப்பிட்டால் நோய் வருமா?

நன்றாக வெந்தால் வராது. அறுக்கும்போதுதான் கவனம்: கையுறை வேண்டும், கருப்பையையும் பால்மடியையும் கீறக் கூடாது. மனிதருக்குத் தொற்றினால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று இழுத்தடிக்கும்.

டல்லாஸில் இருக்கிறேன். நான் உரிமம் வாங்க முடியுமா?

மொன்டானாவின் மாநில வேட்டை நவம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை. உரிமம் குலுக்கல் முறையில். வெளிமாநிலத்தார் விண்ணப்பிக்கலாம், கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. கிடைத்தாலும் பனி இறங்காத வருடமாக இருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஆண் பைசன் 900 கிலோ வரை இருக்கும். சுட்ட பிறகு பனியில் அதை வெட்டி இழுத்து வர நாலு பேராவது வேண்டும், அதை யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பார்க்க மட்டும் ஆசை என்றால் லமார் பள்ளத்தாக்குக்குப் போங்கள். 25 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. படம் எடுக்க நெருங்கி முட்டுப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லாக் கோடையிலும் உண்டு.