டென் மைல் ஜங்ஷன் நிலையத்தை ஏன் மூடினார்கள்?

கேள்வி: கட்டி முடித்த நிலையம், பக்கத்திலேயே பணிமனை, எல்லாம் இருந்தும் சிங்கப்பூரின் டென் மைல் ஜங்ஷன் எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையத்தை மூடிவிட்டார்களே. நாலு பேர் ஏறினாலும் ரயில் நின்றுவிட்டுப் போனால் என்ன நட்டம்? (வாசகி, புக்கிட் பாஞ்சாங்)

பதில்: போகிற வழியில் இருந்த நிலையமென்றால் நட்டம் பெரிதில்லை, அரை நிமிடத்தோடு போகும். ஆனால் இது பணிமனைக்குப் பிரியும் கிளைப்பாதையில், கடைத்தொகுதிக்குள் இருந்தது. சுவா சூ காங்கிலிருந்து சுற்றிவரும் ஏ, பி சேவைகள் அங்கே போகாததால், சி என்று தனிச் சேவையே ஓட்ட வேண்டியிருந்தது.

ஒரு சேவைக்கு எத்தனை ரயில் தேவை என்பது எளிய கணக்கு. ஒரு சுற்றுக்கு 30 நிமிடம், 6 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொண்டால் 5 ரயில்கள் வேண்டும். இடைவெளியை 10 நிமிடமாக்கினால் 3 போதும். ஆனால் அவ்வளவு நேரம் காத்திருப்பதற்குள் பக்கத்து நிலையமான பீனிக்ஸுக்கு நடந்தே போய்விடலாம் என்று இருக்கிற ஆளும் குறைவார்கள். புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி தடத்துக்கு அப்போது இருந்தவை மொத்தமே 32 பெட்டிகள். பழுதுபார்ப்பில் நிற்பவை போக மிஞ்சுபவற்றை வைத்துத்தான் காலை நெரிசலைச் சமாளிக்க வேண்டும்.

கிளை பிரியும் இடமும் ஒரு தொல்லைதான். இந்த வண்டிகள் ரப்பர் டயரில் ஓடுபவை; தளத்தின் நடுவே செல்லும் இரும்பு உத்தரம்தான் வழிகாட்டி. திசை மாற்ற அந்த உத்தரமே நகர்ந்து, பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டியது உறுதியான பிறகே அடுத்த வண்டிக்கு வழி கிடைக்கும். உறுதி வரவில்லையென்றால், கிளைப்பக்கமே போகாத வண்டிகளும் பின்னால் வரிசையாக நிற்கும். அடிக்கடி திருப்பினால் தேய்மானமும் அதிகம்.

1999 நவம்பரில் திறந்த நிலையம் 2019 ஜனவரி 13-இல் மூடப்பட்டது. சாமான் பையோடு வரும் முதியவர்களுக்கு நடை கூடியது உண்மை, அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் அந்த ரயில்களை நெரிசல் மிகுந்த பக்கம் திருப்பியது சரியான முடிவு என்றே கருதுகிறோம்.

கேள்வி: பணிமனையும் போய்விட்டதா?

பதில்: இல்லை. அது தொடர்ந்து இயங்குகிறது.

கேள்வி: சிங்கப்பூரில் மூடப்பட்ட முதல் ரயில் நிலையம் இதுதானே?

பதில்: எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்), எல்ஆர்டி கட்டமைப்பில் நிரந்தரமாக மூடப்பட்ட முதல் நிலையம் இது. மலாயன் ரயில்வேயின் தஞ்சோங் பகார், புக்கிட் தீமா நிலையங்களில் 2011 ஜூன் 30-உடனேயே சேவை நின்றுவிட்டது. புக்கிட் தீமாவில் பயணிகளைவிட முக்கியம், ஓட்டுநருக்கு வழிவிடும் அனுமதி டோக்கன்தான். ஒற்றைத் தடம் என்பதால், பெரிய வளையத்தில் கோத்த பையிலிருக்கும் டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். எதிரெதிரே இரண்டு ரயில்கள் வராமல் காத்தது அதுவே. அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்து 2022 ஜூலையில் மீண்டும் திறந்தார்கள். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம்.