இயற்கை என்று சொல்லித் தப்ப விடமாட்டேன்

கேள்வி: காதலித்துக் கட்டினவர், நல்ல மனிசன்தான். ஆனால் கந்தோரில் ஏதும் மனவருத்தம் என்று வந்து சொன்னால், "சரி, விடும்" என்றுவிட்டு போனைப் பார்க்கிறார். ஆறுதல் சொல்வது ஆண்களின் இயற்கையிலேயே இல்லையா?
- ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: திருகோணமலையில் இருந்துகொண்டு என்னிடம் 'இயற்கை' என்று சொல்லலாமா தங்கச்சி? என் மேசைக்கு வரும் கவிதைகளில் பாதி, "இயற்கைத் துறைமுகமே!" என்றுதான் தொடங்குகின்றன. கலியாண வாழ்த்துமடலிலும் அது வரும், மணிவிழா மலரிலும் வரும். ஒருமுறை கண்ணீர் அஞ்சலியிலேயே வந்தது. காலமானவர் மரக்காலை வைத்திருந்தவர். வாழ்நாளில் கப்பல் ஏறாதவர். திருப்பி அனுப்பினால், எனக்கு ஊர்ப்பற்று இல்லை என்று கடிதம் வருகிறது. அந்தக் கடிதமும் இயற்கைத் துறைமுகத்தில்தான் தொடங்குகிறது.

இயற்கை தந்தது ஆழமான தண்ணீரை. இறங்குதுறையைக் கட்டினது ஆட்கள். துறைமுகத்தோரம் சீனன்குடாவில் 1930களில் வெள்ளைக்காரன் எண்ணெய் சேமிக்கும் குதங்களும் நூறளவில் கட்டினான். அதில் பெரும்பகுதி பற்றைக்குள் சும்மா கிடந்தது. 61 குதங்களை இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து திருத்தி எடுக்க 2022 ஜனவரியில்தான் ஒப்பந்தம் போட்டார்கள். இதைப் பற்றி யாராவது கவிதை எழுதட்டும், முதல் பக்கத்தில் போடுகிறேன்.

சரி, உங்கள் வீட்டுக்காரர். அவரிலும் குறை இயற்கையில் இல்லை, இருப்பதைச் சும்மா போட்டுவைப்பதில்தான். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன். பின்னேரம் டச்பே கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். விசா கிடைக்காத கூட்டாளியின் தோளில் கை போட்டு, "யோசியாதை மச்சான், நானிருக்கிறன்" என்று கச்சான் சரை முடிந்த பிறகும் கதைத்துக்கொண்டிருப்பவர்கள் ஆண்கள்தான். வீட்டுப் படி ஏறினதும்தான் இவர்களுக்கு இயற்கை ஞாபகம் வருகிறது.

லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் புதுத் தம்பதிகளை ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். எதிரெதிரே இருத்திக் கதைக்கவிட்டுப் பார்த்தபோது, ஆதரவு கொடுப்பதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. நாளாந்தக் குறிப்பு எழுதவைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கணவன் நொந்திருந்த நாளில் மனைவி இன்னும் நன்றாக ஆதரவு கொடுத்தாள். மனைவி நொந்திருந்த நாளில் கணவனிடமிருந்து ஆதரவும் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. தெரியாதவன் என்றால் படிப்பிக்கலாம். தெரிந்தவன், தேவையான நாள் பார்த்து முகத்தைச் சுளித்தால்?

"என்ன ஆறுதல் வேண்டும் என்று நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்" என்று வேறு பத்திரிகைகள் உங்களுக்கு அறிவுரை தரும். கந்தோரில் ஏச்சு வாங்கி வந்தவள் வீட்டில் வகுப்பும் எடுக்க வேண்டுமாம்! நான் அப்படிச் சொல்லமாட்டேன். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் போனுக்கு அடியில் வையுங்கள், போதும்.

மறுப்பு எழுத விரும்பும் கணவர்மார் தாராளமாக எழுதலாம். மனைவியைக் கொண்டு எழுதுவித்து, கையெழுத்து மட்டும் போட்டு அனுப்ப வேண்டாம். போனமுறை வந்த நாலும் அப்படித்தான்.