வாசகர் கேள்வி பதில்: காரின் பின்விளக்குகள்

கேள்வி: எங்கள் காரின் இடப்பக்க டெயில் லைட் பல்பை மாற்றியும் மங்கலாகவே எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்துச் சிவப்பு விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. விளக்கை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: பணம் செலவழிப்பதற்கு முன் அந்த விளக்கின் எர்த் இணைப்பை, அதாவது மின்சாரம் காரின் உடம்பு வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் அதைத்தான் சுட்டுகின்றன.

சாதாரண பல்பு பொருத்திய கார்களில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இருக்கின்றன. அதில் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை இரவில் தொடர்ந்து எரியும். 21 வாட் இழை பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எரியும். இரண்டுக்கும் எர்த் பல்பின் உலோக உறை வழியாகவே கிடைக்கிறது. ஹோல்டரில் களிம்பு பிடித்தாலோ, எர்த் ஒயர் காரின் உடம்போடு சேரும் இடத்தில் போல்ட் துருப்பிடித்தாலோ, மின்சாரம் திரும்பும் வழி அடைபட்டுப் போகிறது. அப்போது இண்டிகேட்டருக்கு வந்த மின்சாரம் பக்கத்து இழையின் வழியே சுற்றிக்கொண்டு மறுபக்க விளக்கின் எர்த்தைத் தேடிப் போவதால்தான் சிவப்பு விளக்கும் கூடவே மினுக்குகிறது. புது பல்பு போட்டாலும் வழி அடைபட்டே இருப்பதால் பயனில்லை.

சோதிப்பது எளிது. விளக்குகளை அணைத்து, பல்பு ஆறிய பிறகு டிக்கியைத் திறந்தால், பல கார்களில் விளக்கின் உள் ஓரமாக இரண்டு ஸ்க்ரூக்கள் தெரியும். அவற்றைக் கழற்றிவிட்டு விளக்கை நேராகப் பின்புறம் நோக்கி இழுக்க வேண்டும். வெளிப்புறம் பிளாஸ்டிக் முளைகளில் செருகியிருக்கும் என்பதால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் முளையும் உடையும், பெயின்ட்டும் போகும். ஒயர்களைக் கழற்றாமலே விளக்கைப் போட்டு, எர்த் முனையிலிருந்து ஒரு துண்டு ஒயரைப் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் தொட்டுப் பாருங்கள். விளக்கு உடனே பிரகாசமானால் குறை எர்த்தில்தான். ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும். ஹோல்டர் வெப்பத்தில் உருகியிருந்தால் மட்டும் அதை மாற்றுங்கள்.

புதிதாகப் போட்ட பல்பு பழையதைப் போலவே இரட்டை இழை பல்புதானா என்றும் ஒருமுறை பாருங்கள். இரட்டை இழை பல்பின் பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருப்பது, தலைகீழாகப் பொருந்தாமல் இருப்பதற்காகவே. அந்த இடத்தில் ஒற்றை இழை பல்பைத் திணித்தால் டெயில், பிரேக் இணைப்புகள் ஒன்றாகிவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் பின்விளக்கின் உள்ளே ஈரம் படிகிறது. சிலிக்கான் பூசி அடைத்துவிடலாமா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மெல்லிய பனிப்படலமாக வந்து, விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். விளக்கின் உறையில் காற்று போய்வரச் சிறு துளைகள் வைத்தே செய்கிறார்கள். அவற்றையும் சேர்த்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். தண்ணீர் துளிகளாகத் திரண்டு அடியில் தேங்கினால்தான் கண்ணாடியில் விரிசலோ, பின்புற ரப்பர் வாஷரில் கிழிசலோ இருக்கிறது என்று பொருள். வாஷர் என்றால் மாற்றலாம்; விரிசல் என்றால் விளக்கை மாற்றுவதே நல்லது. கடற்கரை ஊரில் உப்புக் காற்று வேறு சேர்வதால் ஹோல்டர் விரைவில் அரித்துப்போகும், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: சாதாரண பல்புக்குப் பதில் எல்இடி பல்பு போடலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எல்இடியின் உண்மையான நன்மை வேகம். சாதாரண இழை சூடேறி முழு ஒளி தர எடுக்கும் ஏறக்குறைய 0.2 நொடி தாமதம் அதில் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த நேரத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆனால் இந்த நன்மை, எல்இடிக்கென்றே வடிவமைத்த விளக்குகளில்தான் முழுதாகக் கிடைக்கிறது. பழைய விளக்கின் பிரதிபலிப்பான், இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அங்கே எல்இடியைச் செருகினால் நேர் பின்னால் பிரகாசமாகவும் சற்று விலகினால் மங்கலாகவும் தெரியும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி இன்னும் மோசம், அதன் ஒளியில் சிவப்பு குறைவு. மின்சாரத்தைக் குறைவாக எடுப்பதால் பல கார்களில் இண்டிகேட்டரும் படபடவென்று அடிக்கும். எனவே சாதாரண பல்புக்குச் சாதாரண பல்பே போடுங்கள் என்பது என் கருத்து. விளக்கின் மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பின்விளக்கின் சிவப்பு ஒளி 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது ஏன் என்பது, பின்னால் சரக்கோடு வரும் லாரி நிற்பதற்கு எத்தனை தூரம் வேண்டும் என்பதை நினைத்தாலே விளங்கும்.

கேள்வி: தனியாக இருக்கும்போது பின்விளக்குகளைச் சரிபார்ப்பது எப்படி? – வாசகர், மதுரை

பதில்: இருட்டிய பிறகு வெளிறிய சுவரை ஒட்டி வண்டியைப் பின்புறமாக நிறுத்தி, ஒவ்வொரு விளக்கையும் போட்டுக் கண்ணாடியில் சுவரைப் பாருங்கள்; அல்லது செல்போனைப் பின்னால் வைத்துக் காணொளி எடுங்கள். நடுவில் உயரத்தில் உள்ள பிரேக் லைட்டையும் நம்பர் பிளேட் விளக்கையும் விட்டுவிடாதீர்கள். புதிய கார் வைத்திருப்போருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பகலிலும் எரியும் முன்விளக்கும் எப்போதும் ஒளிரும் டேஷ்போர்டும் விளக்கு போட்டாகிவிட்டது என்ற எண்ணத்தைத் தரும். ஆனால் பல கார்களில் அந்த நிலையில் பின்பக்கம் முழு இருட்டு. மாலையிலும் மழையிலும் சுவிட்சை நீங்களே திருப்புங்கள்.

கேள்வி: வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் பிரேக் லைட்டுகள் அணையவில்லை. – வாசகர், திருநெல்வேலி

பதில்: பிரேக் பெடலின் மேற்பகுதியில் உள்ள சுவிட்சைப் பாருங்கள். பெடல் பழைய நிலைக்கு வரும்போது சுவிட்சின் முனையை ஒரு சிறிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு அழுத்தி விளக்கை அணைக்கும். ஆண்டுகள் ஆனால் அது நொறுங்கி விழுந்துவிடும். பெடலுக்குக் கீழே மிதியடியில் அதன் துண்டுகள் கிடந்தால் காரணம் அதுவே. மாற்றுவது சிறிய வேலைதான். அதுவரை இரவில் பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள். நெடுஞ்சாலைக்கும் எடுத்துச் செல்லாதீர்கள், எப்போதும் எரியும் விளக்கைப் பார்த்து நீங்கள் பிரேக் போட்டது பின்னால் வருபவருக்குத் தெரியாது.